மணி அண்ணன் உட்கார்ந்த பக்கம்

ரவூப் பாய் லாரியைப் பின்னால் எடுத்து டயர் கடைக்குள் விட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, மறுபடியும் அதே டயர்தான் என்று. வலதுபக்கப் பின்சக்கரத்தில், வெளிப்பக்கம் இருப்பது. சில மாதம் முன்னால் நானே மாட்டியது. குனிந்து உள்ளங்கையால் தடவினேன். நடுவில் ரப்பர் வரிகளின் பட்டன் புதுசு மாதிரி நிமிர்ந்து நின்றது. இரண்டு ஓரமும் சோப்புக் கட்டி தேய்ந்ததுபோல வழவழவென்று இருந்தன.

பாய் இறங்கவில்லை. இன்ஜினை நிறுத்திய பிறகும் ஸ்டியரிங்கை விடவில்லை.

"என்ன சொல்றான் அவன்?" என்றார்.

"டயர் என்ன பாய் சொல்லும்? ஓரம் ரெண்டும் போச்சு."

"நான் டயரைக் கேக்கல லா, முத்து."

பாய் இந்த ஊரிலேயே பிறந்தவர், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவார். வெளிநாட்டு வேலையாட்கள் தங்கும் கிராஞ்சி டார்மிட்டரியிலிருந்து ஜூரோங் கப்பல் பட்டறைக்குத் தினமும் ஆட்களை ஏற்றிப் போய் இறக்குவார். ஞாயிற்றுக்கிழமை லீவுக்குச் சிராங்கூன் ரோட்டுக் கடைவீதியில் இறக்குவார். அன்றும் ஞாயிறு, இறக்கிவிட்டு நேராக என்னிடம் வந்திருந்தார்.

"பாஸ் சொல்லிட்டாரு. நான் வளைவுல கண்ணுமண்ணு தெரியாம ஓட்டறேனாம். இன்னொரு டயர் இப்படிப் போச்சுன்னா சாவிய வேற ஆள்கிட்ட குடுத்துருவாராம். இந்த வயசுல எனக்கு எவன் லா லாரி குடுப்பான்?"

காற்று குறைந்தால் டயர் நடுவில் குழிந்துபோய் ஓரத்தில் நிற்கும், ஓரம்தான் தேயும். அதனால் முதலில் கேஜ் வைத்துப் பார்த்தேன். காற்று சரியாக இருந்தது. வால்வில் எச்சில் தொட்டு வைத்தேன், குமிழ் வரவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். பிரேக் எங்கும் உரசவில்லை. இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன், ஆட்டமும் இல்லை. வளைவில் வேகமாக ஒடித்து ஓட்டினால் ரப்பர் பிசிறு பிசிறாகக் கிழிந்திருக்கும். இதில் பிசிறே இல்லை. பாய் மேல் தப்பில்லை என்று அப்போதே தெரிந்தது. ஆனால் தப்பு எதன்மேல் என்று தெரியவில்லை.

பாய் பக்கத்துக் கடையில் கோப்பி வாங்கிவந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். தன்னுடையதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"மாசிலாமணிய உனக்குத் தெரியுமில்ல?"

"வெல்டிங் மணிதானே? போன வருஷம் செத்துப்போனாரே."

"என் லாரியிலதான் போனான். எடப்பக்கம் கடைசி மூலைதான் எப்பவும் அவனுக்கு. கூரைக் கம்பியில தலைய சாச்சான்னா ஜூரோங் வர்ற வரைக்கும் தூங்குவான். அன்னிக்கு எல்லாரும் எறங்கிட்டானுங்க. இவன் எறங்கல. நான் பக்கவாட்டுல தட்டினேன். எந்திரி லா மணி, சூப்பர்வைசர் பாக்கறான்னு திட்டினேன். அப்பறம் முழங்கால்ல தட்டினேன்." பாய் கோப்பியைக் கீழே வைத்தார். "ஹார்ட்டுன்னாங்க. எந்தச் சிக்னல்ல போனான்னு எனக்குத் தெரியாது முத்து. எவ்ளோ தூரம் பொணத்த வச்சு ஓட்டினேன்னு தெரியாது. அன்னிலேருந்து நான் பின்னால பாக்கறதே இல்ல. உள்கண்ணாடியக் கூட மேல திருப்பிட்டேன்."

"சரி பாய், அதுக்கும் டயருக்கும்?"

"அவன் உக்காந்தது எடப்பக்கம். டயர் தேயுறது வலப்பக்கம், என் முதுகுக்குப் பின்னால. கிட்ட வந்துட்டான் லா. அவன் கனந்தான்."

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

லாரிக்குப் பின்னால் தள்ளிப் போய்க் குந்தினேன். காலி வண்டி. இருந்தும் வலப்பக்கம் ஒரு விரல் அளவு தாழ்ந்து நின்றது. அடியில் படுத்துப் பார்த்தேன். இடப்பக்க ஸ்பிரிங் பட்டைகள் வில் மாதிரி வளைந்திருந்தன. வலப்பக்கப் பட்டைகள் நிமிர்ந்து தட்டையாகிவிட்டன. நாள்கணக்கில் ஒரே பக்கம் கனம் ஏறினால்தான் அப்படி ஆகும். அந்தக் கனத்தில் காற்று சரியாக இருந்தாலும் டயர் ஓரத்தில்தான் தேயும்.

"பின்னால என்ன சாமான் ஏத்தறீங்க பாய்?"

"ஒன்னும் இல்ல. ஆளுங்கதான்."

"எப்படி உக்காருறாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார்.

ஸ்பிரிங்கைச் சரிசெய்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புது டயர் போட்டு அனுப்பினேன். நானும் கிராஞ்சியில்தான் தங்கியிருக்கிறேன். மறுநாள் விடிகாலையில் அவர் லாரி நிற்கிற கேட்டுக்குப் போனேன்.

ஆட்கள் ஏறினார்கள். முதலில் ஏறியவன் வலப்பக்கம் போனான். அடுத்தவனும் வலப்பக்கம். சாப்பாட்டுப் பைகளும் கருவிப் பெட்டியும் வலப்பக்கம் போயின. இடம் போதாமல் ஒருவன் தொடைமேல் ஒருவன் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தார்கள். இடப்பக்கம் முன்னால் மட்டும் இரண்டு பேர். அவர்களும் கடைசி மூலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் யாரையும் ஒதுங்கச் சொல்லவில்லை. மூலை காலியாகக் கிடந்தது.

"என்னடா கதிரேசா, அங்க ரெண்டு பேர் தாராளமா உக்காரலாமே?" என்றேன். மணியோடு ஒரே அறையில் இருந்தவன் அவன்.

"அது மணி அண்ணன் எடம்ணே."

"அவரு போயி வருஷமாச்சு."

"நாங்க என்ன இருக்காருன்னா சொன்னோம்? உக்காரல, அவ்ளோதான்."

ஓரத்தில் புதிதாக ஒருவன், அஹ்சன், பங்களாதேஷ்காரன். மணியைப் பார்த்தேயிராதவன். "நீ ஏம்பா அங்க உக்காரல?" என்று கேட்டேன்.

"அந்த இடம் ஆள் இருக்கு அண்ணா," என்றான், தெரிந்த தமிழில். "எல்லாரும் சொல்லுது. வழியில ஏறும்."

"எங்க ஏறும்?"

"தெரியாது. நான் தினம் பார்க்கும். இன்னும் ஏறல."



டயரைப் பற்றிச் சொன்னேன். ஓரம் தேய்ந்து, போகிற வேகத்தில் வெடித்தால் வண்டி கவிழும், உங்கள் அத்தனை கனமும் ஒரே பக்கம் என்றேன். வெடிக்காவிட்டாலும் பாய்க்கு வேலை போய்விடும் என்றேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தனும் நகரவில்லை.

"அப்ப நீங்க உக்காருங்கண்ணே," என்றது ஒரு குரல். நக்கல்தான். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏறி உட்கார்ந்தேன்.

கூரைக் கம்பியில் தலை சாய்கிற உயரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் போயிருந்தது. இரும்பு பளபளவென்று வழவழப்பாக இருந்தது. என் தலை தானாக அங்கே போய்ச் சேர்ந்தது. எத்தனையோ வருஷத்து அசதி எனக்கும் உண்டு. வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே கண் சொக்கியது. இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன்.

முதல் சிக்னலில் கதிரேசன் என் பக்கம் நகர்ந்து வந்து உட்கார்ந்தான். "அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

அடுத்த சிக்னலில் இன்னொருவன் வந்தான். அவனும் கேட்டான். ஜூரோங் வருவதற்குள் பாதிப் பேர் இந்தப் பக்கம் வந்திருந்தார்கள்.

வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் எழுவதற்குள் பாய் பின்பக்கம் வந்துவிட்டார். மணி போன நாளுக்குப் பிறகு முதல் தடவை. மூலையில் ஒரு ஆளைப் பார்த்ததும் பக்கவாட்டுப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"முத்து?"

"நான்தான் பாய்."

"எந்திரி லா. சீக்கிரம் எந்திரி."

எழுந்து இறங்கினேன். அவர் என் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

அதற்குப் பிறகு அந்த மூலைக்கு முறை வைத்துக்கொண்டார்கள். அங்கே உட்காருகிறவன் தூங்கக் கூடாது. சிக்னலுக்குச் சிக்னல் பக்கத்து ஆள் கேட்பான், அவன் இருக்கேன் என்பான். அஹ்சனும் கற்றுக்கொண்டான். டயரும் தாங்கியது. சாவி பாயிடமே இருக்கிறது. உள்கண்ணாடியையும் இறக்கிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்வீஸுக்குக் கொண்டுவந்தார். வலது டயரைத் தடவினேன். ஓரமும் நடுவும் ஒரே மட்டம். இடதைத் தடவினேன். அதுவும் ஒரே மட்டம்தான். ஆனால் முழுக்கவே கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

"என்ன?" என்றார் பாய். "எடப்பக்கம் கூடவா?"

"ரோடு எடப்பக்கம் சரிவு பாய். மழைத்தண்ணி ஓடறதுக்கு அப்படித்தான் போடுவாங்க. எல்லா வண்டிக்கும் கொஞ்சம் கூடத்தான் தேயும்."

அவர் தலையாட்டிவிட்டுக் கோப்பி வாங்கப் போனார்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் ரோட்டுச் சரிவுக்கு எவ்வளவு தேயும் என்று என் விரலுக்குத் தெரியும். இது அதைவிடக் கூடுதல். ஓர் ஆள் கனம் இருக்கும்.

அந்த டயருக்கு மட்டும் காற்றைக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன்.