ஒரு சாண் வயர்

எல்மெர் அஹனெல், வயது இருபத்தாறு, குவாத்தமாலாக்காரன். இப்போது ஹூஸ்டனில், சுவர்ப்பலகை இன்னும் அடிக்காத ஒரு மாடி வீட்டில் வயர் இழுக்கிறான். ஒவ்வொரு சுவிட்ச் பெட்டியிலும் ஒரு சாண் வயர் மிச்சம் விட்டுத்தான் வெட்டுவான். மின்வேலை விதி கேட்பது ஆறு அங்குலம். அவன் சாண் எட்டு.

மேஸ்திரி ரிகோபெர்தோவுக்கு அது கண்ணை உறுத்தியது.

"என்னப்பா இது, பெட்டியா குருவிக்கூடா? இவ்வளவையும் உள்ள திணிச்சு எப்படி மூடுறது?"

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வராங்க மேஸ்திரி. விதியில..."

"எனக்கே விதி சொல்றியா? பதினெட்டு வருஷமா வெட்டுறேன்டா!"

கட்டிங் பிளேயரை எடுத்து, கீழ்த்தளத்தில் முப்பத்தோரு பெட்டியிலும் நான்கு விரற்கடை மட்டும் விட்டு நறுக்கிப் போட்டான். எல்மெர் வாயை மூடிக்கொண்டான். அடுத்த மாதம் அவனுக்கு எலக்ட்ரீஷியன் லைசன்ஸ் தேர்வு. வேலை பார்த்த மணிக்கணக்குக்குக் கையெழுத்துப் போட வேண்டியவன் இதே ரிகோபெர்தோதான்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் நெரெய்தா அம்மா ஒரு வயரை இழுத்து டேப் வைத்து அளந்தார். மூன்றரை அங்குலம். அடுத்ததும் அதே. வேலை தேறவில்லை என்கிற சிவப்புச் சீட்டைக் கிழித்தெடுத்தார்.

"யார் வெட்டினது இது?"

"இவன்தாங்க மேடம். புது ஆளு. ஊர்ல மாட்டு வண்டிக்கு வயர் இழுத்திருப்பான்போல," என்று சிரித்தான் ரிகோபெர்தோ.

எல்மெருக்குக் காது சுட்டது. கையெழுத்து நினைவுக்கு வந்தது. அதையும் மீறி வாய் திறந்தது.

"பொய் மேடம்! நான் ஒரு சாண் விட்டேன். இவர்தான் வெட்டினார். துண்டெல்லாம் கீழயே கிடக்கு, பாருங்க. இவ்வளவு குட்டையா விட்டா, நாளைக்குப் பழுது பாக்க வர்றவன் வயரை வெளிய இழுக்கவே முடியாது. பிடுங்கித்தான் இழுப்பான், இணைப்பு லூசாகும், தீப்பிடிக்கும். இதை நான் செய்வேனா?"

அந்த அம்மா குனிந்து ஒரு துண்டை எடுத்து, பெட்டியில் நின்ற வயரோடு முனைக்கு முனை சேர்த்துப் பார்த்தார். சரியாக ஒரு சாண். ரிகோபெர்தோவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சீட்டில் அவன் பெயரை எழுதிக் கொடுத்துப் போனார்.

கார் சத்தம் ஓய்ந்ததும் ரிகோபெர்தோ சொன்னான்: "முப்பத்தொண்ணுக்கும் நீயே துண்டு சேர்த்து ஒட்டு போடு. கையெழுத்தா? போய் உன் சாண்கிட்ட கேளு."

எல்மெர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். முப்பத்தொன்றுக்கும் ஒட்டுப் போட்டான். கடைசிப் பெட்டியின் பக்கத்து மரச்சட்டத்தில் தடித்த மார்க்கரால் எழுதினான்:

"இங்கே நான் ஒரு சாண் விட்டிருந்தேன். ஒட்டுக்குக் காரணம் என் கை இல்லை. அடுத்து வருகிறவரே, தயவுசெய்து இதைக் குட்டையாக வெட்டாதீர்கள். எல்மெர் அஹனெல்."