விரதத்தில் விட்ட மாத்திரை

விபூதிச் சம்புடத்தைக் கழுவி வைக்கலாம் என்று கவிழ்த்தாள் வெங்கடேஸ்வரி. சாம்பலோடு சாம்பலாகப் பதினோரு மாத்திரைகள் உள்ளங்கையில் விழுந்தன. எல்லாம் ஒரே சிவப்புக் கேப்சூல் மாத்திரைகள். காலைச் சாப்பாடு முடிந்ததும் அவள் எடுத்துக் கொடுக்க, பாண்டிதுரை அண்ணாந்து தண்ணீர் ஊற்றி விழுங்கியவை. விழுங்கியதாக அவள் நம்பியவை.

முப்பது வருஷம் போலீஸில் கள்ளன்களோடு பழகிய மனுஷன், அவர்களிடம் படித்த வித்தையைப் பெண்டாட்டியிடமே காட்டிவிட்டார். அவளுக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன.

ஐந்து மாதத்துக்கு முன் மதுரையில் அவருக்கு பைபாஸ் நடந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று, "தாயே, அவிய பிழைச்சு வந்தா உனக்குப் பூக்குழி இறங்க வைக்கேன்" என்று நேர்ந்துகொண்டது அவள்தான். அவரைக் கேட்கவா முடியும், அவர்தான் மயக்கத்தில் கிடந்தாரே. காப்புக் கட்டிப் பதினோரு நாளாகிறது. இன்று மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயிலில் பூக்குழி, தீ மிதிக்கிற நாள். ராஜபாளையத்திலிருந்து காலையிலேயே மஞ்சள் வேட்டியோடு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அவருக்குப் போன் போட்டாள். அலமாரிக்குள்ளேயே மணி அடித்தது. விரதம் முடியும்வரை போனைத் தொடமாட்டாராம்.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். நர்ஸ் விஷயத்தைக் கேட்டதும் டாக்டரிடமே கொடுத்துவிட்டாள்.

"காலில இருந்து எடுத்து இருதயத்தில வச்ச ரத்தக் குழாயில ரத்தம் உறைஞ்சு அடைச்சிரக் கூடாதுன்னுதான் அந்த மாத்திரை. பதினோரு நாளா விட்டிருக்காரா? நெஞ்சு வலி, தோள் வலி, வேர்வை ஏதாவது இருக்கா?"

நேற்றுக் குளிக்கும்போது இடது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாரே. வேப்பங்குலை சுமந்தது என்று அல்லவா சொன்னார். அதையும், பூக்குழி இறங்கப் போயிருப்பதையும் டாக்டரிடம் சொன்னாள்.

"நெருப்புப் பக்கம் விடாதீங்க. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிட்டுப் போங்க. வலி இருந்தா, நான் சொல்ற ஆஸ்பிரினை அந்த இடத்திலேயே மென்னு முழுங்கச் சொல்லுங்க."

தெருமுனைக் கடையில் மாத்திரையை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் கோயில் பக்கம் வண்டியை விடவில்லை. இறங்கி ஓடினாள். பார்த்த இடமெல்லாம் மஞ்சள். இதில் ஒரு மஞ்சள் வேட்டியை எங்கே போய்த் தேடுவது? கொட்டுச் சத்தத்தில் அவள் கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை.

நல்லவேளை, பாண்டிதுரையின் சேக்காளி மொக்கைச்சாமி கண்ணில் பட்டார். மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது.

"அந்தக் கேப்சூல் கூடு மாட்டு எலும்புல செஞ்சது மதினி. விரதத்துல வாயில வைக்கலாமான்னு நாந்தான் சொன்னேன். மாசக்கணக்குல தின்னாச்சே, பத்து நாள்ல என்ன ஆயிரப்போகுதுன்னு நெனச்சோம்."

அவரைத் திட்ட நேரமில்லை. "அவிய எங்க?"

மொக்கைச்சாமி கை காட்டினார். வரிசையில் பாண்டிதுரைக்கு முன்னால் இருபது பேர்கூட இல்லை. ஆள் சாம்பல் பூத்துப்போய் நின்றார். நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகியது. பக்கத்தில் நிற்பவர்களுக்கு அப்படி ஒழுகவில்லை.

"நெஞ்சு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. நீ எதுக்குட்டி வந்த?"

அந்த 'ஒண்ணும் செய்யல'வோடு இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் அவள். "எம்புட்டு நேரமா வலிக்கு?"

வரிசை நகர்ந்தது. அவரும் ஓரடி வைத்தார். அவள் குறுக்கே நின்றுகொண்டாள்.

"வெலகுட்டி. செத்த நேரம். இறங்கி ஏறிட்டு வாரேன்."

"நேந்தது நாந்தான். நானே சொல்லுதேன், வேண்டாம்."

"அதாம்ட்டி." குரல் மூச்சுக்குத் திணறியது. "நேந்தது நீ. நான் குறை வச்சா சாமி என்னையவா கேக்கும்? உன்னையல்லா கேக்கும். அதுக்குத்தான் மாத்திரைய விட்டேன்."

தன் தலைக்குச் சாமி குத்தம் வரும் என்று பயந்து விட்டிருக்கிறார் என்றுதான் வெங்கடேஸ்வரி இவ்வளவு தூரமும் வைதுகொண்டு வந்தாள். அழுகை முட்டியது. அழவில்லை. மாத்திரையைப் பிரித்தாள்.

"எனக்கு வந்தா வரட்டும். வாயத் தொறங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். மென்றுகொண்டிருக்கும்போதே கால் மடங்கியது. பந்தோபஸ்துக்கு நின்ற இரண்டு போலீஸ்காரர்கள் பழைய ஏட்டையாவை அடையாளம் கண்டு ஓடி வந்து தாங்கினார்கள்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்த டாக்டர், ஒரு குழாய் அடைக்க ஆரம்பித்திருக்கிறது போலத் தெரிகிறது என்றார். ஊசி போட்டு, மதுரைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார். இப்போதைக்குச் சமாளிக்கலாம், சீக்கிரம் போய்ச் சேருவதுதான் முக்கியம் என்றார்.

கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது பாண்டிதுரை கண்ணைத் திறந்து, ஆக்சிஜன் முகமூடியை விலக்கப் பார்த்தார்.

"சாமி உன்னையக் கோவிச்சுக்கிடுமாட்டி?"

அவள் முகமூடியைத் திரும்ப அழுத்தி வைத்தாள். "கோவிச்சா நான் பேசிக்கிடுதேன். நீங்க மூச்சு மட்டும் விடுங்க."