இருபத்து மூன்றாம் பக்கம்

கோர்ட்டின் தாக்கல் பிரிவு குமாஸ்தா காகிதக் கட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்பைரல் போட்ட ஓரத்தை விரலால் தடவினார்.

“என்னம்மா இது, காலேஜ் பிராஜெக்டா?”

பெரியவளுக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. பத்து வருடமாக நகல் கடையில் வேலை. யார் எதைக் கொண்டுவந்தாலும் பின்னைப் பிடுங்கி, நூலைப் பிரித்து, ஓரம் தட்டி, பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுப்பது அவளுடைய கைப்பழக்கம். ஆஸ்பத்திரியில் கொடுத்த தம்பியின் கேஸ் ஷீட் நகலையும் அப்படித்தான் செய்திருந்தாள். கோணலாகக் கோத்திருந்த சிவப்பு நூலை பிளேடால் அறுத்து, அரக்கு முத்திரையோடு சேர்த்துக் கடைக் குப்பையில் போட்டது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

“நூலும் அரக்கும் இருந்தாத்தான் இது சான்றிட்ட நகல்” என்றார் குமாஸ்தா. “இப்ப இது வெறும் காகிதம். யாரும் எதையும் சொருகலாம், எதையும் உருவலாம். எடுத்துக்கிட்டுப் போங்க.”

“கடைசித் தாள்ல கையெழுத்து இருக்கே சார்?”

“அது கடைசித் தாளுக்கு.”

மணி பதினொன்றேகால். வழக்குப் போடச் சட்டம் கொடுத்த இரண்டு வருடம் அன்றோடு முடிகிறது. நாலரைக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். அதன் பிறகு தாக்கல் செய்ய வழியே இல்லை.

தம்பி, வீட்டுக்குச் சின்னவன், குடலிறக்க ஆபரேஷனுக்குத் தன் காலால் நடந்து போனவன். மயக்க மருந்து கொடுத்தார்கள். கண்ணைத் திறந்தான், ஆனால் யாரையும் அடையாளம் தெரியவில்லை. இன்று வரை தெரியவில்லை. கேஸ் ஷீட்டை வாங்கவே பதினான்கு மாதம் ஆனது. இன்னொரு டாக்டர் பார்த்து, தவறு நடந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால்தான் வழக்கே நிற்கும் என்றார்கள். ஏழு டாக்டர்கள் கையை விரித்தார்கள். எட்டாவதாக, ஓய்வு பெற்ற ஒருவர் எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியது முழுக்க இருபத்து மூன்றாம் பக்கத்தை வைத்துத்தான். அதில் நர்ஸின் கையெழுத்தில் இரண்டே வரி: ஒன்பது பத்துக்கு ஆக்சிஜன் இறங்கியது, டாக்டரைக் கூப்பிட்டாகிவிட்டது. ஒன்பது இருபத்தொன்றுக்கு டாக்டர் வந்தார். அந்தப் பதினொரு நிமிடத் தாமதம்தான் வழக்கே.

வெளியே காத்திருந்த அவளுடைய வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார். “உன் கை சும்மாவே இருக்காதா? நானும் ஒரு தடவை பார்த்திருக்கணும், பார்க்கல. சரி, ஆஸ்பத்திரிக்கு ஓடு. மூலத்தோட ஒப்பிட்டு மறுபடி கோத்துத் தரச் சொல்லு. காலில் விழணும்னா விழு.”

ரெக்கார்ட் ரூம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது. பொறுப்பாளர் அவளை மறக்கவில்லை; பதினான்கு மாதம் வாராவாரம் வந்தவளை எப்படி மறப்பார்?

“மறுபடி நீயா பாப்பா? உனக்கு இங்கேயே ஒரு நாற்காலி போட்டுடலாம்” என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் மூலக் கட்டை எடுத்துவந்து ஒவ்வொரு தாளாக ஒப்பிட்டார். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் இருபத்து மூன்றில் நின்றார். முன்னால் புரட்டினார். பின்னால் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் புரட்டினார்.

“இந்தத் தாள் மூலத்துல இல்லையேம்மா.”

“நீங்கதானே சார் நகல் எடுத்தீங்க? மொத்தம் நாப்பத்தொண்ணு தாள்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க.”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். குரல் இறங்கியது. “இப்ப நாப்பதுதான் இருக்கு. இருக்கறதுக்குத்தானே நான் முத்திரை வைக்க முடியும்?”

“யார் சார் எடுத்தா?”

“அதை மட்டும் என்கிட்ட கேக்காதே. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு.”

நாற்பது தாளையும் கோத்து, நூலை இழுத்து முடிந்து, அரக்கு உருக்கி வைத்தார். பெரியவள் மிஞ்சிய தனித்தாளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அன்று நூலை அறுக்காமல் இருந்திருந்தால் இந்தத் தாளை யாராலும் அசைத்திருக்க முடியாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் மூலத்தில் உருவினார்கள் என்றால், இவள் அவர்களுக்கு வழிவிட்டுக் கொடுத்திருக்கிறாள்.

கோர்ட்டுக்குத் திரும்பும்போது மணி மூன்றே முக்கால்.

“ரெண்டையும் சேர்த்தே வைக்கலாம்” என்றார் வக்கீலம்மா. “ஆனா அவங்க வக்கீல் என்ன சொல்வான்? பொண்ணு நகல் கடைக்காரி, ஒரு தாளை உண்டாக்க அரை மணி நேரம் போதும்னு சொல்வான். நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கேன்னு கேட்டா, அதுல இந்தத் தாளும் ஒண்ணுன்னு என்ன சாட்சிம்பான்.” கொஞ்சம் தயங்கினார். “தபால்ல வரும்போதே நூல் அறுந்திருந்துச்சுன்னு சொல்லிடேன்.”

“நான் நேர்ல போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்க்கா.”

“யார் அதைத் தேடப் போறா?”

நீதிபதி அவசர மனுவை எடுத்துக்கொண்டார். தனித்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “முத்திரையைப் பிரிச்சது யாரு?”

வக்கீலம்மா அவளைப் பார்க்காமல் நின்றார். தபால் என்று சொல்லிவிடலாம். ஆனால் ரெக்கார்ட் ரூம் ரிஜிஸ்டரில் அவள் கையெழுத்து இருக்கிறது. அந்த ஒரு பொய்யைப் பிடித்துவிட்டால், நர்ஸ் எழுதிய பதினொரு நிமிடத்தையும் பொய் என்றே தள்ளிவிடுவார்கள்.

“நான்தான் ஐயா. பிளேடால அறுத்தேன். கோணலா இருந்துச்சுன்னு.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. உத்தரவைச் சொல்லச் சொல்ல ஒருவர் தட்டச்சு செய்தார். வழக்கு காலக்கெடுவுக்குள் வந்ததாக ஏற்கப்படுகிறது. நாற்பது தாள் ஆவணமாகும். தனித்தாள் இப்போதைக்கு ஆவணம் ஆகாது. அது உண்மையென்று நிரூபிப்பது மனுதாரர் பொறுப்பு. மூலம் குறித்து ஆஸ்பத்திரி பதில் சொல்ல வேண்டும். முத்திரை பிரிந்த விதத்தை மனுதாரர் இன்றே பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

“ஜெயிச்சோமாக்கா?” வெளியே வந்ததும் கேட்டாள்.

“உள்ள வந்துட்டோம். நிக்கத்தான் கால் இல்லை. அந்தத் தாள் போச்சுன்னா டாக்டர் எழுதிக் கொடுத்ததும் போச்சு.” வக்கீலம்மா பெஞ்சில் உட்கார்ந்து பிரமாணத்தை எழுதி அவள் பக்கம் நகர்த்தினார். “நல்லா படி. நீயே பிரிச்சேன்னு எழுதிக் கொடுக்கறே. நாளைக்கு அந்தத் தாள் போலின்னு முடிவாச்சுன்னா உள்ள போறது நீதான்.”

அவள் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். அப்போது செல்போன் அடித்தது. அம்மா.

“எடுத்துக்கிட்டாங்களாடி?”

“கேஸை எடுத்துக்கிட்டாங்கம்மா.”

“அந்தப் பக்கத்தை?”

பெரியவள் பிரமாணத்தைப் பெஞ்சில் வைத்தாள். மறுமுனையில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

“சின்னவனைத் திருப்பிப் படுக்க வைக்கணும்டி. ஒத்த ஆளா முடியல. முதுகு புண்ணாகுது. எப்ப வருவே?”

“ஒரே ஒரு கையெழுத்தும்மா. போட்டுட்டு வந்துடறேன்” என்றாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேனா மூடியைத் திறந்தாள்.