ஐஸில் இருந்த நாமக்கோழி

வரதன் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சுடுதண்ணீரைப் பற்றித்தான் பேசினான்.

"ஐஸ் கறி மேல சுடுதண்ணி மட்டும் ஊத்திராத. மேல வெந்துரும், உள்ள கல்லாட்டம் அப்படியே கெடக்கும். பச்சைத் தண்ணில போட்டு வை. தண்ணி ஜில்லுனு ஆனா மாத்திக்கினே இரு. நான் வந்து செய்யிறேன்."

"நீ வந்து செய்யிறதுக்குள்ள பூனை செஞ்சு முடிச்சிரும்யா," என்றாள் ஜமுனா.

"துன்னட்டும். அதுவும் நம்ப ஊட்டு ஆளுதானே."

துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனையில் திரும்பிவிட்டான். தேவதாஸின் மீன்பிடிப் போட்டில் அன்றைக்கு வரதனோடு மூன்று பேர்.

அந்த நாமக்கோழி கார்த்திகை மாதத்தில் ஏரியில் கட்டியிருந்த வலையில் மாட்டியது. பாசி தின்ன முங்கியபோது கண்ணியில் சிக்கி, மேலே வர முடியாமல் செத்துக் கிடந்தது. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம். வரதன் அப்போது சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். "மாலை போட்டவன் வலையில வந்து வுழுது பாரு, சாமி சோதிக்குது," என்று தலையில் கை வைத்துக்கொண்டான். பறவையைக் கையில் வைத்திருந்தது தெரிந்தால் ஃபாரஸ்ட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். வலையில் தானாகச் செத்தது என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. எதிர்வீட்டு மாலதியிடம் ஃப்ரிட்ஜ் இருந்தது. ஜமுனா பறவையைத் தோலுரித்துச் சுத்தம் செய்து, இரண்டு கவரில் சுற்றி, மாலதியின் மகள் குச்சி ஐஸ் செய்யும் அச்சுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள்.

பொங்கல் கழிந்து மலையிலிருந்து இறங்கி வந்து மாலையைக் கழற்றியதும் அவன் கேட்டது அதைத்தான். சாம்பார் ஊற்றி ஊற்றி நாக்கே செத்துப்போச்சு என்றான்.

அவன் கடலுக்குப் போனபின் ஜமுனா கவரைப் பிரித்தபோது நாமக்கோழி வெள்ளை பூத்து, கால்களை மடக்கிக்கொண்டு, தட்டினால் ஓசை வரும்படி இருந்தது. பேசினில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். தட்டால் மூடி மேலே அம்மிக் குழவியை வைத்தாள். முதல் தண்ணீர் ஐஸ் போல ஆனதும் கொட்டிவிட்டு வேறு ஊற்றினாள். தொடைப் பக்கம் விரல் அழுந்தியது. நெஞ்சுப் பக்கம் இன்னும் இறுக்கமாகவே இருந்தது. மூன்றாவது தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது தேவதாஸ் வாசலில் வந்து நின்றான். சட்டை இல்லை. உடம்பெல்லாம் மணல்.

"அண்ணி, போட்டு கவுந்துச்சு. முகத்துவாரத்துத் திட்டுல அலை தூக்கி அடிச்சிருச்சு. நாங்க ரெண்டு பேரும் ஏறிட்டோம்."

"அவரு?"

தேவதாஸ் நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். "வலையோட உள்ள போயிட்டாரு அண்ணி. கால் மாட்டிக்கிச்சு போல. முங்கி முங்கிப் பார்த்தேன்."

அன்றைக்கு அவர்கள் ஊரான கோட்டைக்குப்பத்துப் போட்டு எல்லாம் தேடியது. வலை மட்டும் கிடைத்தது. பொழுது சாய்ந்து பெண்கள் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தபோது, பேசின் வைத்த இடத்திலேயே இருந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாகியிருந்தது. கறி முழுக்க இளகி, எடுத்தால் கையில் துவண்டது.

"தூக்கிப் போட்ரு, அக்கா," என்றாள் மாலதி.

ஜமுனா நண்டும் மீனும் விற்கிறவள். இளகினதை மறுபடி ஐஸில் போடாதீங்க, கெட்டுப்போயிரும் என்று மார்க்கெட்டில் தன்னிடம் வாங்குகிறவர்களுக்கு அவளே சொல்வாள். இருந்தும் கறியைத் துடைத்து, புதுக் கவரில் சுற்றி, எதிர்வீட்டுக்குப் போய்த் தன் கையாலேயே ஃப்ரிட்ஜில் வைத்தாள். "வந்து செய்யிறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு," என்றாள். மாலதி ஃப்ரிட்ஜ் கதவை மூடினாள்.

அந்தக் குப்பத்தில் கடலில் ஒருவன் போய்விட்டால், உடம்பை அடக்கம் செய்யும்வரை யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். உடம்பு கிடைக்காவிட்டால், அவன் வேட்டி சட்டையை வைத்துக் கரையில் காரியம் செய்தபிறகே போட்டு இறங்கும். அந்தக் காரியத்துக்குப் பெண்டாட்டி சம்மதிக்கவேண்டும். ஜமுனா சம்மதிக்கவில்லை. போட்டுகள் மணலில் வரிசையாகக் கிடந்தன. இறால் வரத்துள்ள காலம். பெண்கள் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவிப் பிடித்த இறாலில் அடுப்பு எரிந்தது. அவளிடம் யாரும் முகத்துக்கு நேராகக் கேட்கவில்லை. அவள் குழாய்க்குப் போனால் பேச்சு நின்றது. ஊர்ப் பெரியவர் மாசிலாமணி ஒரு நாள் வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்து போனார்.

கேட்டவள் மாமியார் இருசம்மாள்தான்.

"பசியோட சுத்துறான் ஜமுனா. கடல்ல போனவன் கடைசியா வாய்வுட்டுக் கேட்டதை எலையில வெச்சாத்தான் போவான். எடுத்துக்கினு வந்து செஞ்சு வெய்யி."

"அவரு வரட்டும் அத்தே. அவருதான் செய்யிறேன்னாரு."

"எங்கருந்துடி வருவான்?"

"ஆந்திரா பக்கம் கரையேறி இருப்பாரு. ஆசுபத்திரில இருப்பாரு. பேரு சொல்ல முடியாம இருப்பாரு."

இருசம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மாமனாரு கரையேறி வந்தாரு. மொகம் இல்ல. அரணாக்கொடிய வெச்சுத்தான் ஆளு தெரிஞ்சுது. நான் பார்த்ததை நீ பார்க்கலையேன்னு மனசைத் தேத்திக்கோ."

ஜமுனா எழுந்து எதிர்வீட்டுக்குப் போனாள். ஃப்ரிட்ஜைத் திறந்து கவரைத் தொட்டுப் பார்த்தாள். இறுகியிருந்தது. மூடிவிட்டு வந்தாள். தினமும் அப்படிப் போய்ப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. மாலதியின் புருஷன் முணுமுணுத்தான். மாலதி அவன் வாயை அடக்கினாள்.

பிறகு ஒரு நாள் காற்றில் எங்கோ மின்கம்பம் சாய்ந்து, காலையில் போன கரண்டு மதியத்திலும் வரவில்லை. மாலதி கவரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். கவரிலிருந்து சொட்டியது.

"ஐஸ் எல்லாம் வுட்ருச்சுக்கா. இது ரெண்டாவது வாட்டி. இனிமே தாங்காது."

ஜமுனா வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை தண்ணீர் ஊற்றவில்லை. பேசினில் வைத்து எதிரே உட்கார்ந்துகொண்டாள். உறைபனி முதலில் கால் மடிப்பிலிருந்து போயிற்று. அடியில் சிவப்பாக நீர் கட்டியது. மடங்கியிருந்த கால் ஒன்று மெதுவாக விரிந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கறி வெளிறி, விளிம்பில் பச்சை ஓடியிருந்தது. பிறகு வாடை வந்தது. எத்தனையோ வருடமாக மீன் மோந்து பார்த்த மூக்குக்கு அது என்னவென்று யாரும் சொல்லவேண்டியதில்லை. குனிந்து இன்னொரு தடவை மோந்தாள். விரலால் அழுத்தினாள். அழுத்திய குழி எழும்பவில்லை.

இருசம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மிளகு டப்பாவை இழுத்தாள்.

"காரம் தூக்கலா போட்டு வேக வெச்சிரலாம். யாரும் துன்னப் போறதில்ல. எலையில இருந்தா போதும். செத்தவனுக்கு இன்னா தெரியப்போவுது."

"வேணாம் அத்தே."

"ரெண்டு துண்டு. பேருக்கு."

"கெட்டுப்போச்சு அத்தே. மோந்து பாரு. உயிரோட இருந்தப்ப ஒரு நாளும் நான் அவருக்குக் கெட்டதைப் போட்டதில்ல. அவரு எலையில இதை வெக்க மாட்டேன்."

இருசம்மாளின் கை டப்பாவின் மேலேயே நின்றது. இலை என்று மருமகள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. ஜமுனாவுக்கும் அது காதில் விழுந்தது. அவள் திருத்திச் சொல்லவில்லை. பேசினில் ஈ வந்து மொய்த்தது. கிழவி கை வீசி விரட்டினாள். அது மறுபடி வந்தது.

"அப்ப கறி போடாம அவன் வெக்கிற மிளகுக் கொழம்பை வெய்யி," என்றாள் இருசம்மாள். "அவன் எப்படி வெப்பான்?"

"பூண்டைத் தட்டிப் போடுவாரு. புளி கம்மியா."

"தட்டு. நான் போய் மாசிலாமணிகிட்டச் சொல்லிட்டு வரேன்."

கறியை ஜமுனா சவுக்குத் தோப்பில் நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்தாள். மறுநாள் கரையில் வரதனின் வேட்டியையும் கட்டம் போட்ட சட்டையையும் மணலில் ஆள்போலப் பரப்பி, தலைமாட்டில் இலை போட்டார்கள். சோறும், கறி இல்லாத குழம்பும். தேவதாஸ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, போட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். இருசம்மாள் அழவில்லை, இலையில் மணல் விழாமல் கையால் மறைத்துக்கொண்டே இருந்தாள். சட்டைக்குப் பொத்தான் போடும்போது மேல் பொத்தான் இல்லாததை ஜமுனா பார்த்தாள். தைத்திருக்கலாம் என்று நினைத்தாள். அதன்பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் விடியும்போது எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அவள் பாயில் படுத்தபடி கேட்டாள். கடைசிப் போட்டின் சத்தமும் அடங்கியதும் எழுந்து வாசலைத் தெளித்தாள். நன்றாக வெயில் வந்துவிட்டது. கரண்டு திரும்ப வந்திருந்தது; மாலதி வீட்டு முன்னால் இருக்கும் தெருவிளக்கை எப்போதும்போல அன்றைக்கும் யாரும் அணைக்கவில்லை. அது பகலில் எரிந்துகொண்டிருந்தது.