ஆற்றுக்கு இந்தப் பக்கம்

ஐயாசாமி வேட்டியைக் கத்தரித்து விலக்கினான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அதன் நுனியில் சாணி கலந்த சேறு. தீமிதிக் குழிக்கு விறகு ஏற்றி வந்த மாட்டுவண்டி காலையில் சரிவில் குடைசாய்ந்து, சக்கரம் காலின் மேல் ஏறிவிட்டது. சேதி கிடைத்து, மலைமேல் இருந்த கியூர்பிப் நகரத்திலிருந்து காரை விரட்டச் சொல்லி, தீவின் தென்கரையில் பெல் ஒம்ப்ர் பக்கமிருந்த இந்தக் கிராமத்துக்கு அவன் வந்து சேர்வதற்குள் மதியம் சாய்ந்துவிட்டது. பாயில் கிடந்தவர் அவனுடைய அக்காள் சிவகாமியின் புருஷன் வீரபத்திரன்.

எடின்பரோவில் எலும்பு வைத்தியம் படித்து முடித்து, அங்கேயே மூன்று வருஷம் உடற்கூறு வகுப்பு எடுத்துவிட்டுத் திரும்பியவன் ஐயாசாமி. ஒரு பிணத்தின் காலை மேசையில் மாணவர்கள் முன்னால் பிரித்துப்போட்டு நரம்பு நரம்பாக எடுத்துக் காட்டுவதில் அவனுக்கு நல்ல பெயர். அந்தப் பெருமையும் அவனுக்குக் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்த மேசையில் கிடந்த கால்களுக்கு உரியவர்கள் யாரும் அவனோடு பேசியதில்லை. இவர் பேசினார்.

"தொடாத மச்சான்."

அவருடைய வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. திரௌபதி அம்மனுக்குத் தீமிதிக்கக் காப்புக் கட்டிவிட்டார். கட்டியவர் தீ மிதித்து முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, சாவுத் தீட்டு உள்ளவர் கை மேலே படக்கூடாது. இந்த ஊருக்கு எல்லை ஆற்றுப்பாலம். தீட்டுக்கு எல்லையே ஐயாசாமிதான். அவன் என்ன வேலை பார்த்தான் என்பது ஊருக்கே தெரியும்.

"மாமா, லொபித்தாலுக்குப் போகணும், இப்பவே. ஆபரேஷன் மேசையில போட்டுப் புண்ணைக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுக்கணும். விட்டா அழுகிடும். அப்புறம் காலு மட்டும் இல்ல, உசுருக்கே ஆபத்து."

"காப்போட ஆத்தைத் தாண்ட மாட்டேன்."

"சரி, இங்கேயே பண்றேன்."

"பொணம் அறுத்த கை மச்சான் அது."

ஐயாசாமிக்குச் சுருக்கென்றது. மாமாவுக்கு அந்தச் சொல்லில் வெறுப்பு இருந்திருந்தால் பரவாயில்லை, சண்டை போட்டிருக்கலாம். மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். தொடாமல் குனிந்து பாதத்தைப் பார்த்தான். வெளிறிப்போயிருந்தது. இந்தக் கூரைக்கடியில், இந்த வெளிச்சத்தில், மயக்கமருந்து பிடிக்க ஆளில்லாமல் என்ன செய்துவிட முடியும் என்ற பயமும் இருந்தது. இங்கேயே பண்றேன் என்றது வெறும் வாய்வீரம்.

பெட்டியைத் திறந்து ஊசியில் மார்பின் ஏற்றினான். வலிக்கென்றுதான் எடுத்தான். ஆனால் கை கொஞ்சம் கூடுதலாகவே இழுத்தது. தூங்கிவிட்டால் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடலாம். பாலம் தாண்டினது அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

சிவகாமி ஊசியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"அப்படிச் செய்யாத தம்பி. முழிச்சு எழுந்தா காலு இருந்தும் அவரு செத்த மாதிரிதான்."

"அப்ப சாகட்டுமா? யாருக்காக இந்த வீம்பு அக்கா?"

"உனக்காகத்தான்" என்றாள். "கண்டவன் பொணத்தையெல்லாம் தொட்டுட்டானே, அந்தத் தோஷம் அவனை ஒண்ணும் பண்ணக்கூடாது, தாயே, உன் தீயில நடக்கறேன்னு நேந்துக்கிட்டாரு. நீ கப்பல்ல வந்துக்கிட்டிருந்தப்ப."

ஐயாசாமிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. எடுத்த மருந்தில் பாதியைத் தரையில் பீய்ச்சினான். வாசலில் கார் ஓட்டி ஜில்பெர் பொறுமையிழந்து ஹாரனைத் தட்டினான்.

"தொக்தேர், ஆனு அலே" என்றான். டாக்டர், போகலாம் என்கிறான். இருட்டுவதற்குள் மலைப்பாதை ஏறியாக வேண்டும்.

சிவகாமி வெளியே போய்ப் பூசாரி ஆறுமுகத்தோடு திரும்பி வந்தாள். வரும்போதே வலது கையை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"அவிழ்த்து எனக்குக் கட்டுங்க. பொண்டாட்டி எடுத்துக்கலாம்னு இருக்குதில்ல?"

ஆறுமுகம் தலையைச் சொறிந்தார். "இருக்குது. ஆனா கட்டினப்புறம் நீயும் ஆத்தைத் தாண்டக்கூடாதும்மா. லொபித்தால்ல என்ன ஆனாலும், சேதி என்ன வந்தாலும், தீ இறங்கற வரைக்கும் போக முடியாது. யோசிச்சுக்க."

"வேணாம் புள்ள" என்றார் வீரபத்திரன். அன்று முதல் தடவையாக அவர் குரல் நடுங்கியது. "அங்க எனக்கு யாரு இருக்கா?"

"தம்பி இருக்கான்."

பூசாரி முடிச்சை அவிழ்த்தார். மஞ்சள் கயிறு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிற்று. அதற்கப்புறம்தான் வீரபத்திரன் கண்ணை மூடிக்கொண்டு, காலை மச்சானிடம் கொடுத்தார். ஐயாசாமி ஊசி போட்டுவிட்டு, புண்ணின் மேல் சுத்தமான துணியை வைத்து, இரண்டு பலகைகளை அண்டை கொடுத்துக் கட்டினான். கட்டும்போது விரல் பிசகவில்லை. ஆனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

காரின் பின்னிருக்கையில் மாமாவைக் கிடத்தி, காலைத் தன் மடியில் ஏந்திக்கொண்டான். சிவகாமி கூடவே நடந்தாள். கார் குலுங்கக் கூடாதென்று ஜில்பெர் மெதுவாக ஓட்டியதால், பாலம் வரைக்கும் அவளால் ஜன்னலைப் பிடித்தபடியே வர முடிந்தது. அங்கே கையை எடுத்துக்கொண்டாள். தம்பியின் மேல் கை படாமல் எட்ட நின்று சொன்னாள்:

"காலு போனா போகட்டும். ஆளைக் கொண்டா."

பாலத்தின் பலகைகள் தடதடத்தன. அக்கரை ஏறியதும் ஐயாசாமி திரும்பிப் பார்த்தான். முதல் பலகைக்கு ஒரு விரற்கடை ஊர்ப் பக்கம் வெறுங்காலோடு நின்றிருந்தாள். உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்து, கழுத்தை நீட்டி, கரும்பு மறைக்கும்வரை கார் போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.