வகுப்பில் எடுபட்டது

சாயங்காலம் ஆறு மணிக்கு டீச்சர் கைப்பேசியைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார். சும்மா உதட்டோரச் சிரிப்பில்லை. தோள் குலுங்க, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் முட்டும் சிரிப்பு. எதிர் நாற்காலியில் தேநீரை வாயருகே கொண்டுபோன வாத்தியார் அப்படியே நிறுத்திவிட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் தான் சொன்ன எதற்காவது இவள் இப்படிச் சிரித்ததுண்டா என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தமாஷாக அவர் எதையும் சொன்னதே இல்லை என்பதுகூட அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் வயிறு எரிகிறபோது யார் காரணத்தையெல்லாம் தேடிக்கொண்டிருப்பார்கள்?

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லங்க. குரூப்புல சாக்பீஸ் ஒண்ணு எழுதியிருக்காங்க."

சாக்பீஸ்! மறுபடியும் அதே பேர்.

ஆறு மணியிலிருந்து ஆறரை வரை வாத்தியாருடைய நேரம். அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அப்படித்தான் நடந்துவந்தது. அவர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல். டீச்சர் வேறொரு பள்ளியில் நாலாம் வகுப்பு. இரண்டு பேரும் வீடு திரும்பி, முகம் கழுவி, தேநீரோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் டீச்சர் அன்றைய தலைவலியை எடுத்து மேசைமேல் வைப்பார். 'கடன் வாங்கிக் கழிக்கறது இதுங்களுக்கு ஏறவே மாட்டேங்குது', 'நிழல் ஏன் நீளுதுன்னு ஒருத்தி கேட்டா, முழிச்சேன்' என்று தினம் ஏதாவது ஒன்று. வாத்தியார் சொல்லுவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் மடக்கிச் சொல்லுவார். டீச்சர் தலையாட்டுவார். அந்த அரை மணி நேரம் தனக்கு எவ்வளவு வேண்டியதாக இருந்தது என்பது அது போன பிறகுதான் வாத்தியாருக்கே தெரிந்தது. டீச்சர் அந்தக் குழுவில் சேர்ந்து இரண்டு மாதம். கடந்த மூன்று வாரமாக அவரிடம் ஒரு கேள்விகூட வரவில்லை.

இணையத்தில் ஆசிரியர்களுக்கென்று நடக்கும் குழு அது. எட்டாயிரம் பேராம். சொந்தப் பேரில் யாரும் கிடையாது. 'எனக்கு இந்தப் பாடம் நடத்த வரவில்லை' என்று சொந்தப் பேரில் எழுத எந்த ஆசிரியருக்குத் துணிச்சல் உண்டு? டீச்சருக்கு அங்கே 'அணில்' என்று பேர். யாரும் எதையும் கேட்கலாம், யாரும் பதில் சொல்லலாம். கேட்டவர் அந்தப் பதிலை வகுப்பில் செய்து பார்த்து, சரிப்பட்டால், அதன் கீழே 'வகுப்பில் எடுபட்டது' என்று குறிப்பார். அந்த இரண்டு சொல்லுக்காக அங்கே பெரிய பெரிய தலைமையாசிரியர்களே ஏங்கிக்கொண்டிருந்தார்கள். சாக்பீஸுக்கு அது நூற்றுக்கு மேல் இருந்தது. அதில் பதினொன்று அணில் கொடுத்தது. டீச்சர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் வாத்தியாரே எண்ணிப் பார்த்தார். நல்ல மனுஷன் செய்கிற காரியமா இது? இல்லைதான்.

மறுநாள் வெளியூரில் வேலை பார்க்கும் மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா, நீங்களா? குரூப்புல நீங்க என்னப்பா கேக்கப்போறீங்க?"

"நான் எதுக்குக் கேக்கணும்? பதில் சொல்லத்தான்."

"அதானே பாத்தேன். சரி, பேரு என்ன போடட்டும்?"

மேசைமேல் கிடந்தது கண்ணில் பட்டது. "அளவுகோல்னு போடு. அம்மாகிட்ட மூச்சு விடாத."

"நான் எதுக்குப்பா நடுவுல வரேன்," என்றாள் மகள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்ன மாதிரிதான் இருந்தது.

அன்றிலிருந்து வாத்தியாருக்கு வேறு வேலையில்லை. அணில் எதையாவது கேட்க வேண்டியதுதான், அளவுகோலுக்கு மூக்கில் வேர்த்துவிடும். முதல் வாரத்திலேயே இருபது பதில். அணிலிடமிருந்து 'நன்றி சார்' வந்தது. 'நன்றி சார்' மட்டும்தான் வந்தது. நடுவில் சாக்பீஸின் பழைய பதிவுகளையெல்லாம் தோண்டிப் படித்தார். ஆணா பெண்ணா, கிழமா வாலிபமா? ஒரு இடத்தில் முழங்கால் வலி என்று இருந்தது, கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இன்னொரு இடத்தில் பிள்ளைகளோடு கால்பந்து ஆடியதாக இருந்தது, போன நிம்மதி திரும்பவில்லை. டீச்சரிடம் போட்டு வாங்கப் பார்த்தார். டீச்சர் பிடி கொடுக்கவே இல்லை. எப்போது பார்த்தாலும் 'அவங்க', 'அவங்க' என்றே பேசினார்.

அப்புறம் பின்னக் கணக்கு வந்தது. அணில் கேட்டிருந்தார்: 'நாலில் ஒரு பங்கு பெரிதா, எட்டில் ஒரு பங்கு பெரிதா என்றால் என் வகுப்பில் முப்பத்தேழு பேரும் எட்டில் ஒரு பங்கு என்கிறார்கள். எட்டுதான் பெரிய எண்ணாம். என்ன செய்ய?'

நாலே நிமிடத்தில் அளவுகோல் எழுதியது: 'இது அடிப்படை. ஒரு முழுப் பொருளை எத்தனை அதிகமான சம பங்குகளாக்குகிறோமோ அத்தனைக்குப் பங்கு சிறுக்கும். எண்கோட்டில் வரைந்து காட்டவும். பத்து முறை எழுதச் சொல்லவும்.'

சாக்பீஸ் இரண்டு மணி நேரம் கழித்து ஆடி அசைந்து வந்தது. 'அடடா, இதில் நான் மூன்று வருஷம் மண்ணைக் கவ்வியிருக்கிறேன்! போன வருஷம் இப்படிச் செய்து பார்த்தேன். ஒரே அளவில் இரண்டு சாக்லேட் வாங்குங்கள். பன்னிரண்டு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஒரு சாக்லேட் நாலு பேர் மேசைக்கு, இன்னொன்று எட்டுப் பேர் மேசைக்கு. எந்த மேசை வேண்டுமோ ஓடிப் பிடியுங்கள் என்று விட்டுவிடுங்கள். உடைத்துக் கொடுக்கும்போது முகங்களைப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதாமல் விட்டால் கோபம் வரும்.'

மறுநாள் அணில் எழுதினார். 'வகுப்பில் எடுபட்டது! எல்லாம் எட்டு மேசைக்கு அடித்துப் பிடித்து ஓடின. இடம் கிடைக்காத நாலு பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு மேசைக்குப் போனார்கள். உடைத்துக் கொடுத்ததும் எட்டு மேசைப் பையன் ஒருவன் ஏமாத்திட்டீங்க டீச்சர் என்று அழுதே விட்டான். இனி சாகும்வரை மறக்க மாட்டான்.'

வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதினார்: 'கையால் உடைத்த சாக்லேட்டில் சம பங்கு வராது. சம பங்கு இல்லையென்றால் அது பின்னமே அல்ல. தின்பண்டம் காட்டி நடத்துவது பாடம் அல்ல, லஞ்சம்.'

நல்ல சண்டை ஒன்று வரும் என்று எதிர்பார்த்துச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாக்பீஸ் எழுதியது: 'அட, ஆமாம் அளவுகோல் சார், இது எனக்குத் தோணவே இல்லை. அடுத்த தடவை கத்தியோடு உங்களையும் கையோடு கூட்டிப்போகிறேன்!' கீழே அறுபது பேர் சிரித்திருந்தார்கள். அறுபதில் ஒன்று அணில்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது டீச்சரே பேச்செடுத்தார். "குரூப்புல புதுசா ஒருத்தர் சேந்திருக்கார். அளவுகோல்னு பேரு. யாரு என்ன எழுதினாலும் செவப்பு மையோட வந்து நின்னுடறார்."

"சரியாத்தானே சொல்றார்?"

"சரியா சொல்றார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாத்தியாருக்குப் புரையேறியது. டீச்சர் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். "அவர் வீட்ல இருக்கறவங்க பாவம்," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் குழுவில் புதிதாகச் சேர்ந்த சின்ன ஆசிரியை ஒருத்தி கேட்டிருந்தாள்: 'பெரியவர்களே, இந்தக் குழுவை எப்படி நன்றாகப் பயன்படுத்திக்கொள்வது? நாள் முழுக்கப் படித்துக்கொண்டே இருக்கிறேன், வகுப்பில் ஒன்றும் மாறவில்லை.' ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றையும் படிக்காதே, வாரத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துச் செய்து பார் என்றார் ஒருவர். பள்ளியின் பேரையும் பிள்ளைகளின் பேரையும் எழுதிவிடாதே என்றார் இன்னொருவர். அணிலுடைய பதிலை வாத்தியார் இடைவேளையில், ஆசிரியர் அறையில், ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டே படித்தார்.

'கேளுங்கள். அவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆனது. அதுவரை ஒரே ஒருவரிடம்தான் கேட்டேன். அவருக்குத் தெரியாதது இல்லை, ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை கேட்டு முடித்து எழுந்திருக்கும்போதும் நான் என் நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தியாகிவிடுவேன். சொன்னதைச் செய்து பார்த்தாயா, என்ன ஆச்சு என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இங்கே கேட்கிறார்கள். அதனாலேயே செய்து பார்க்கிறேன். தோற்றுப்போனதையும் எழுதுங்கள் தங்கச்சி. யாராவது கேட்டால், பதில் தெரிந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். கேட்கிறவருக்கே பாதி தெரிந்திருக்கும், சொல்லிப் பார்க்க ஒரு ஆள்தான் வேண்டியிருக்கும்.'

முந்நூறு பேருக்குப் பிடித்திருந்தது. முதல் ஆளாக சாக்பீஸ்: 'அழ வைத்துவிட்டீர்கள் அணில்.'

முதலில் வந்தது ஆத்திரம். வீட்டுச் சங்கதியை எட்டாயிரம் பேர் நடுவில் போட்டு உடைத்துவிட்டாளே! அதிலும் அந்த சாக்பீஸ் வந்து அழுவதற்கு இவர் வீடுதான் கிடைத்ததா? 'இது அடிப்படை' என்று தட்டச்சு செய்தார். அதற்குமேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அழித்தார். மணி அடித்தது.

ஐந்தாவது பாடவேளை, பதினோராம் வகுப்பு. 'டார்க்' என்கிற திருப்பு விசை நடத்தினார். கரும்பலகை அச்சடித்த மாதிரி இருந்தது. "சந்தேகம் யாருக்காவது?" என்று கேட்டார். ஒரு சத்தமில்லை. 'என் வகுப்புல சந்தேகமே வராது' என்று எத்தனை வருஷம் பெருமையடித்திருக்கிறார்! அன்றைக்கு ஏனோ அந்த ஐம்பது முகங்களையும் நிறுத்திப் பார்த்தார். மூன்றாவது பெஞ்சில் ஒருவன் வாயைத் திறந்தான், அவர் பார்ப்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். வாத்தியார் வெளியே வந்துவிட்டார்.

வருகைப் பதிவேட்டை மேசையிலேயே விட்டுவிட்டது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போனார். ஜன்னலருகே கால் நின்றுவிட்டது. உள்ளே பாதி வகுப்பு இரண்டாவது பெஞ்சு ரெட்டைச் சடைக்காரியைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தது. "ஏய், அந்த கோணம் எங்கேந்துடி வந்துச்சு?" "நீளம் கூடினா ஏன் ஈஸியாகுது?" "எனக்கும் சொல்லு, எனக்கும் சொல்லு." அவள் நோட்டின் பின்பக்கத்தில் கதவு ஒன்றை வரைந்து, கைப்பிடியை எங்கே வைத்தால் தள்ளுவது சுலபம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். விசையின் அம்புக்குறியைத் தப்பாகப் போட்டிருந்தாள். வாத்தியாருக்குக் கை துறுதுறுவென்றது. உள்ளே போய் இரண்டே கோட்டில் திருத்திவிடலாம். திருத்தினால் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள், வாயை மூடிக்கொண்டு. பதினாறு வயசுப் பெண்ணின்மேல் இந்த வயசில் இப்படியொரு பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். பதிவேட்டை எடுக்காமலே திரும்பி நடந்தார்.

சாயங்காலம் டீச்சர் சாப்பாட்டு மேசையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். வாத்தியார் நாற்காலியை இழுக்கவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்."

டீச்சர் தலையைத் தூக்கவில்லை. "குரூப்புல கேளுங்களேன்."

"எந்த குரூப்?"

பேனாவை மூடி வைத்துவிட்டு டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "சொல்லுங்க, அளவுகோல் சார்."

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. "அவ சொல்லிட்டாளா?"

"உங்க பொண்ணு வாயைத் திறக்கல. ரெண்டாவது பதில்லயே தெரிஞ்சுபோச்சு. 'இது அடிப்படை'ன்னு இந்த ஒலகத்துல வேற யாரு ஆரம்பிப்பா?"

"அப்போ இன்னிக்கு எழுதினது…"

"நீங்க படிப்பீங்கன்னுதான் எழுதினேன்."

"ஏன், நேர்ல சொல்லக் கூடாதா?"

"நேர்ல சொல்லியிருந்தா திருத்தியிருப்பீங்க."

சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். இதையும் திருத்துவதாக ஆகிவிடும் என்று தோன்றியதால் சும்மா இருந்தார்.

"நீ அந்த சாக்பீஸ்கிட்ட கேக்கறப்பல்லாம் எனக்கு இங்க எரியுது," என்றார் வாத்தியார், நெஞ்சைத் தொட்டு. இப்படிப் பச்சையாகச் சொல்லிவிடுவோம் என்று அவரே நினைத்திருக்கவில்லை.

"தெரியும்."

"இருபத்திரண்டு வருஷமா கேட்டியே."

"கேட்டேன்."

டீச்சர் நோட்டுகளை ஒரு பக்கமாக நகர்த்தி அவருக்கு முன்னால் கொஞ்சம் இடம் செய்தார். "ஏதோ கேக்கணும்னீங்களே. உக்காந்து கேளுங்க."

உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கேள்வி கேட்கிறவர்கள் எங்கிருந்து ஆரம்பிப்பார்கள்? கையை மேசைமேல் வைத்தார், எடுத்தார், மடியில் வைத்துக்கொண்டார்.

"பசங்க என்கிட்ட எதுவுமே கேக்க மாட்டேங்கறாங்க," என்றார்.

டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. "அப்புறம்?" என்றார்.

"அப்புறம்…"

மேசைமேல் கிடந்த கைப்பேசி துடித்தது. திரையில் 'சாக்பீஸ்' என்று வெளிச்சம் போட்டுக்கொண்டு நின்றது. டீச்சர் அதைத் தொடவில்லை; அவர் பார்வை வாத்தியார் முகத்திலேயே இருந்தது. வாத்தியாரால்தான் அந்தப் பேரிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அது மறுபடி துடித்தது, மறுபடி. ஒவ்வொரு துடிப்புக்கும் இம்மி இம்மியாக நகர்ந்து, இரண்டு பேருக்கும் நடுவில், மேசையின் ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.