எதிரணியில் அபிதா

கௌசிகன் பயிற்சி கொடுத்த பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணியில் இடது ஓரத்து விங்கில் ஓடுவதற்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி ராகவி. மற்றவள் அவனுடைய சொந்த மகள் அபிதா. அந்த வருடத்து வில்லங்கமெல்லாம் அதிலிருந்துதான் கிளம்பியது.

கௌசிகனுக்கு எலெக்ட்ரீசியன் வேலை, ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் வீடு. வேலைக்கு ஓட்டும் வானின் பின்பக்கத்தில் வயர்ச் சுருள்களுக்கும் ஏணிக்கும் நடுவே ஒரு பந்து மூட்டையும் செம்மஞ்சள் கோன்களும் எப்போதும் கிடக்கும். அபிதாவுக்கு ஏழு வயதாக இருந்தபோது, பயிற்சியாளர் கிடைக்கவில்லை, பெற்றோரில் யாராவது முன்வர முடியுமா என்று கிளப்பில் கேட்டார்கள். இவன் கையைத் தூக்கினான். ஒன்பது வருடமாக அந்தக் கையை இறக்க முடியவில்லை. கடைசி இரண்டு வருடமாகத்தான் அவனுக்கு ஒரு துணை வாய்த்திருந்தது. சிந்து கோயம்புத்தூர்ப் பெண், ஐடியில் வேலை, ஊரில் பல்கலைக்கழக அணியில் ஆடியவள். ஆட்டத்தைப் பார்க்கும் கண் அவளுக்கு அவனைவிடக் கூர்மை. அது அவனுக்கும் தெரியும்.

ராகவியின் அப்பா குணரத்தினத்துக்கு ஒரே ஒரு ஆசைதான். அமெரிக்காவில் விளையாட்டுத் திறமையைப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. அப்படி ஒன்றில் ராகவிக்கு இடம் கிடைக்க வேண்டும். அதற்கு வீடியோக்கள் அனுப்ப வேண்டும். வீடியோவுக்குப் பிள்ளை மைதானத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று கால் ஸ்டாண்டில் கமராவைப் பூட்டிக்கொண்டு கோட்டோரம் வந்துவிடுவார். மே மாதத்தில் ஒரு நாள், ராகவியைப் பாதியில் எடுத்துவிட்டு அபிதாவை இறக்கியதைப் பார்த்துவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்.

“தேப்பன் கோச் எண்டால் மகள் எப்பவும் உள்ளதான். மற்றப் பிள்ளையள் வெளியில நிண்டு கைதட்ட வேண்டியதுதான்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேட்டவர்களும் சிரித்தார்கள். ஆனால் கௌசிகனுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை அபிதாவைப் பெஞ்சில் உட்காரவைத்தான். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் இறக்குவான். ஒரு தடவை அந்தப் பத்து நிமிடத்துக்குள் அவள் ஒரு கோல் போட்டுவிட்டாள். மற்றப் பெண்கள் கோல் போட்டால் ஓடிப்போய் முதுகில் தட்டுகிறவன், மகளுக்கு இலேசாகத் தலையை அசைத்ததோடு நிறுத்திக்கொண்டான். குணரத்தினம் இப்போது வாய் திறப்பதில்லை. கௌசிகனுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

சிந்துவுக்குத்தான் பொறுக்கவில்லை. ராகவியை நடுக்களத்தில் போடுங்கள், அவளுக்கு விங் சரிவராது, இடது பக்கத்தை அபிதாவிடம் விடுங்கள் என்று ஏப்ரலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு புதன்கிழமை பயிற்சி முடிந்து கோன்களைப் பொறுக்கும்போது நேராகவே கேட்டுவிட்டாள்.

“அண்ணா, மகள்ங்கறதுக்காக ஒருத்தியை ஆட வைக்கிறது தப்புன்னா, மகள்ங்கறதுக்காகவே உட்கார வைக்கிறதும் தப்புதான?”

அபிதா விளங்கிக்கொள்ளுவாள் என்றான் அவன். அவளிடம் கேட்டீர்களா என்றாள் சிந்து. அவன் கேட்டிருக்கவில்லை.

ஜூலைப் பள்ளி விடுமுறையில் அபிதாவே அந்தப் பேச்சை எடுத்தாள். பல் மருத்துவரிடம் காட்டிவிட்டு வானில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டொமினியன் ரோட்டில் சிவப்பு விளக்கு. நகரின் மேற்கே ரானுயிப் பக்கத்துக் கிளப் ஒன்றில் தேர்வுக்குப் போனதாகவும், அவர்கள் எடுத்துக்கொண்டதாகவும், வரும் வாரத்திலிருந்து அங்கே ஆடப்போவதாகவும் ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னாள். கோபமா என்று கேட்டான். இல்லை, எனக்கு விளையாட வேண்டும், அவ்வளவுதான் என்றாள். விளக்கு பச்சையாகி, பின்னால் நின்ற பஸ் இரண்டு தரம் ஹோர்ன் அடித்த பிறகுதான் அவன் வானை எடுத்தான்.

தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு போனது மனைவி ரதிதேவிதான் என்று வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. அவள் சமையலறையில் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டான். கத்தியை நிறுத்தாமலே அவள் பதில் சொன்னாள்.

“பிள்ளைக்கு விளையாட வேணும். உங்களுக்கு நல்ல பேர் எடுக்க வேணும். ரெண்டும் ஒரு டீமில சரிவராது எண்டு அவள் கண்டுபிடிச்சிட்டாள். நான் கார் மட்டும்தான் ஓட்டினனான்.”



வீடு இருண்டுவிடும் என்று நினைத்தான். நடந்தது வேறு. செவ்வாயும் வியாழனும் அபிதா சேற்றில் குளித்தவள் போல வந்து நிற்பாள். குளியலறையில் பாட்டுக் கேட்கும். புட்டை மூன்று தரம் போட்டுச் சாப்பிடுவாள். துணி காயவைக்கும் ரேக்கில் இரண்டு கிளப்களின் ஜெர்சிகளும், நீலமும் சிவப்பும், அருகருகே தொங்கின. ஆட்டத் திட்டங்களைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று ரதிதேவி சட்டம் போட்டாள். அதை அப்பாவும் மகளும் நாளுக்கு இரண்டு தரம் மீறினார்கள். மகள் சாப்பாட்டு மேசையில் இவ்வளவு கதைத்து எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்தபோது கௌசிகனுக்கே வெட்கமாக இருந்தது.

ஆகஸ்டில் இரண்டு அணிகளும் மோத வேண்டி வந்தது. ஆட்டம் ரானுயியில். அதே நாளில், அமெரிக்காவில் ஓரிகனிலுள்ள ஒரு சிறிய கல்லூரியின் பயிற்சியாளர் ராகவியைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. ஹாலி என்று பெயர், நெடுநெடுவென்ற பெண். பல பிள்ளைகளைப் பார்ப்பதற்காக ஆக்லாந்துக்கு வந்திருந்தாள். குணரத்தினம் டை கட்டிக்கொண்டு வந்தார். காலையிலிருந்து பெய்த தூறலில் மைதானம் குழைந்து கிடந்தது. ஹாலி ஒரு குறிப்புப் புத்தகத்தோடு கோட்டோரத்தில் தனியாகப் போய் நின்றாள்.

பன்னிரண்டாவது நிமிடம். அபிதாவுக்கு இடது பக்கத்தில் பந்து கிடைத்தது. கௌசிகனின் தடுப்பாளர் ஒருத்தியை வெட்டிக் கடந்தாள். இன்னொருத்தி சறுக்கி விழுந்தாள். உள்ளே திரும்பி, கோல் கீப்பரின் கைக்கு எட்டாத மூலையில் அடித்தாள்.

“அப்படித்தான் பிள்ளை!”

மைதானம் முழுக்கக் கேட்ட அந்தக் குரல் தன்னுடையதுதான் என்பது கௌசிகனுக்கு ஒரு கணம் பிந்தித்தான் உறைத்தது. இரண்டு கைகளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன, கால்கள் தரையில் இல்லை. அவனுடைய கோல் கீப்பர் திரும்பி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெஞ்சில் இருந்த மூன்று பெண்களும் வாயைப் பொத்தினார்கள், பிறகு முடியாமல் வெடித்துச் சிரித்தார்கள். சிந்து பந்து மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நடுக்களத்துக்குத் திரும்பி ஓடிய அபிதா இந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. ஆனால் அவளுடைய தோள்கள் குலுங்கியது அவனுக்குத் தெரிந்தது.

இடைவேளையில் பெண்களைச் சுற்றி நிற்கவைத்து மன்னிப்புக் கேட்டான். கத்தியதற்கு மட்டும் அல்ல. மகளை உட்காரவைத்தது ஆட்டத்துக்காக அல்ல, ஊர் வாய்க்குப் பயந்து என்று ஆங்கிலத்தில் ஒளிக்காமல் சொன்னான். யார் என்ன சொல்வார்கள் என்று யோசித்த நேரத்தில், உங்களில் யார் எங்கே நன்றாக ஆடுவீர்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும் என்றான். எங்கே ஆட விருப்பம் என்று இப்போது நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டான். முதலில் கை தூக்கியவள் ராகவி. மற்றப் பெண்களுக்கு விளங்கக்கூடாது என்று, எப்போதும் ஆங்கிலத்தில் கதைக்கிறவள் தட்டுத்தடுமாறித் தமிழுக்கு மாறினாள்.

“அங்கிள், எனக்கு விங் பிடிக்காது. அப்பாதான் வீடியோவில வடிவாத் தெரியும் எண்டவர். எனக்கு நடுவில நிக்க வேணும்.”

கௌசிகன் சிந்துவைப் பார்த்தான். அவள் திட்டப் பலகையில் ராகவியின் பெயர் ஒட்டிய காந்தத்தை நடுவுக்கு நகர்த்தினாள்.

ராகவி நடுக்களத்தில் நிற்பதைக் கண்டதும் குணரத்தினம் கமராவை விட்டுவிட்டு வேகவேகமாக வந்தார். அமெரிக்காவிலிருந்து ஆள் வந்திருக்கிற நாளிலா பரீட்சித்துப் பார்க்கிறீர் என்று கேட்டார். மே மாதத்துக் கௌசிகனாக இருந்தால் அங்கேயே தளர்ந்திருப்பான்.

“அண்ணை, நீங்கள் கமராவைப் பாருங்கோ. டீமை நாங்கள் பாக்கிறம்.”

அதன்பிறகு நடந்த இரண்டாம் பாதியை அந்தப் பெண்கள் இன்றைக்கும் கதைக்கிறார்கள். ராகவி கட்டவிழ்த்துவிட்டது போல ஆடினாள். பந்து எங்கே போகும் என்று மற்றவர்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்தது. நாற்பது மீற்றருக்கு அவள் தூக்கிக் கொடுத்த ஒரு பாஸில் அவர்களுடைய முதல் கோல் விழுந்தது. அபிதா இன்னொன்று போட்டாள். இந்த முறை கௌசிகன் இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டான், முகத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் ராகவியே தூரத்திலிருந்து அடித்துச் சமன் செய்தாள். இரண்டுக்கு இரண்டு. விசில் ஊதியதும் அவளும் அபிதாவும் நடுவட்டத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு சேற்றில் விழுந்தார்கள். எழும்பும் உத்தேசம் இருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஹாலி முதலில் ராகவியின் பெற்றோரிடம் போனாள். விங்கில் ஆடுகிற பிள்ளைகளின் வீடியோ தன்னிடம் நூறு இருக்கிறது, நடுவில் நின்று இப்படி ஆட்டத்தைப் படிக்கிற பிள்ளைதான் கிடைப்பதில்லை என்றாள். பிறகு கௌசிகனிடம் வந்து, எதிரணியின் கோலுக்குத் துள்ளிக் குதித்த பயிற்சியாளர் நீங்கள்தானே என்று கேட்டாள். அவள் என் மகள் என்றான். ஹாலி சிரித்துவிட்டு, அபிதாவின் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு குணரத்தினம் ஃபிளாஸ்க்கோடு வந்தார்.  தேத்தண்ணியை ஊற்றி நீட்டினார். அபிதாவின் இரண்டு கோலும் தன் கமராவில் கிடப்பதாகவும், வெட்டி ஹாலிக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். சொன்னபடி அன்று மாலையே அனுப்பினார், பாட்டும் சேர்த்து.

நவம்பரில் ராகவிக்குக் கல்லூரியில் இடம் உண்டு என்று ஓரிகனிலிருந்து கடிதம் வந்தது. அபிதாவுக்குப் பள்ளியில் இன்னும் ஒரு வருடம் இருந்தது. அடுத்த பருவத்து ஆட்டங்களைப் பார்க்க விரும்புவதாக ஹாலி அவளுக்கும் எழுதியிருந்தாள். அபிதா அதை வாசித்துக் காட்டிவிட்டு, பார்ப்போம் என்று புட்டுக்குத் திரும்பிவிட்டாள். திரும்பி எங்கள் கிளப்புக்கு வருகிறாயா என்று கௌசிகன் கேட்டான், இந்த முறை முன்கூட்டியே. அவள் யோசித்துப் பார்த்து, இல்லை, எனக்கு ரானுயி பிடித்திருக்கிறது, நீங்கள் அப்பாவாக வந்து பாருங்கள் என்றாள்.

ஏப்ரலில் புதுப் பருவம் தொடங்கியது. அணியைச் சிந்து பொறுப்பெடுத்தாள், கௌசிகன் அவளுக்கு உதவி. முதல் சனிக்கிழமை அவர்களுடைய ஆட்டம் பின்னேரம்தான். காலையில் ரதிதேவியோடு ரானுயிக்குப் போய்ப் பெற்றோர் கூட்டத்துக்குள் நின்றான். ஒன்பது வருடம் தேக்கிவைத்த சத்தமெல்லாம் அவனிடம் இருந்தது. இருபதாவது நிமிடத்தில் ரானுயிப் பயிற்சியாளர் மரியாதையாக வந்து, கொஞ்சம் குரலைக் குறைக்க முடியுமா என்று கேட்டார். கௌசிகன் மன்னிப்புக் கேட்டுக் குறைத்தான். ஐந்து நிமிடம் கழித்து இடது பக்கத்தில் அபிதாவுக்குப் பந்து வந்தது.